செமன் என்றால் விதை

ஆர்டன் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துச் சீசாக்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை அல்போன்ஸைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. எல்லாம் லத்தீன். டாக்டர் இல்லாத அந்தத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக வந்த முதல் மாதத்திலேயே பழைய சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிய்த்தெடுத்துவிட்டு, தன் அழகான சாய்வெழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினார். வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் காகிதப் பொட்டலங்களின் மேலும் அப்படித்தான் எழுதுவார். வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு எழுத்தே தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எழுதுவார். அதில் அவருக்கு ஒரு சுகம்.

பினாங்கில் சாமியார் படிப்புக்குப் போனவர் அவர். லத்தீன் வகுப்பில் எப்போதும் முதல் ஆள். அப்பா திடீரென்று காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், அம்மாவையும் தங்கைகளையும் பார்க்க ஆளில்லை என்று அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு கட்டுப்போடப் படித்து, ஊசி போடப் படித்து, மலாக்கா டவுனில் ஆபீஸ் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகள் சிசிலியாவைக் கட்டிக்கொண்டு, நியாலாஸுக்கும் உள்ளே இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பெரிய கிராணிக்கு அவரைவிட நல்ல இங்கிலீஷ் தெரியும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு எல்லாம் தெரியும். லத்தீன் மட்டும் அல்போன்ஸுக்குத்தான் தெரியும். பேச ஆளில்லாமல் அந்த மொழி அவருக்குள்ளேயே கிடந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் மருந்தே இல்லாமல் போனபோது, குடல் பூச்சிக்குப் பறங்கிக்காய் விதை கொடுக்க அவர் கற்றுக்கொண்டார். பச்சை விதையை வெயிலில் காயவைத்து, உரித்து, இடித்து, வெறும் வயிற்றில் கொடுத்து, பிறகு விளக்கெண்ணெய் ஊற்றினால் பூச்சி வந்துவிடும். வறுத்தால் பலிக்காது. சண்டை முடிந்து மருந்து வரத் தொடங்கிய பிறகும், ஒரு பெரிய சீசாவில் பறங்கி விதையை அவர் சேர்த்து வைத்திருந்தார். கம்யூனிஸ்டுகளை அடக்க டாருராட் என்ற அவசரகாலச் சட்டம் வந்து, லாரிகள் போலீஸ் காவலோடு மட்டுமே ஓட ஆரம்பித்ததும் மருந்துக்கு மறுபடியும் தட்டுப்பாடு வந்தது. சீசா திரும்பவும் பயன்பட்டது. அதன் மேல் ‘செமன் குக்குர்பித்தே’ என்று எழுதியிருந்தது. செமன் என்றால் விதை.

அந்த வருஷம் ஐம்பத்திரண்டு. வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. சர்க்கரை போட்ட தேத்தண்ணிகூடக் கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கையும் போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். மீறினால் ஆயுள் முழுக்க உள்ளே இருக்க வேண்டியதுதான்.

சிவசாமி பால்வெட்டுக்காரன். முப்பதை ஒட்டிய வயசு. சாது. யாரிடமும் அதிகம் பேசமாட்டான், ஏனென்றால் பேச்சு திக்கும். பழகினவர்களோடு சுமாராகப் பேசுவான். பயந்துவிட்டால் முதல் எழுத்தே வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகளுக்கு முடி வெட்டிவிடுவான். அதற்கு எதுவும் வாங்கமாட்டான். அவனுடைய பெண்சாதி கமலவேணி அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை. கமலவேணி மறுபடியும் மாசமாக இருந்தாள்.

கமலவேணியின் அக்காள் சுப்பம்மா தோட்டத்துக்கு வெளியே பெம்பான் என்ற ஊரில் இருந்தாள். அவள் மகனுக்கு வயிறு உப்பிக் கைகால் சூம்பிக்கொண்டு வருகிறதென்று சேதி வந்தது. கமலவேணி ஆஸ்பத்திரிக்கு வந்து டிரஸ்ஸரிடம் சொன்னாள். பையனை இங்கே கொண்டுவர பர்மிட் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும். அல்போன்ஸ் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, பூச்சிதான் என்று முடிவு செய்து, சீசாவிலிருந்து விதையை அளந்து பொட்டலம் கட்டினார். எப்படி இடிக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் வழக்கம்போல எழுதினார். கேட்டில் யாராவது கேட்டால் டிரஸ்ஸர் கொடுத்த மருந்து என்று சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சிவசாமி பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். கமலவேணியும் போவதாகத்தான் இருந்தாள். அன்றைக்கு மசக்கை அதிகமாக இருந்ததால் படுத்துவிட்டாள்.

கேட்டில் நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சின்ன வயசுக்காரன். பொட்டலத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். மலாயில் சிமென் என்றால் சிமிட்டி. “சிமெனா? வீடு கட்டப் போறியா?” என்று சிரித்தான். சிவசாமியும் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் போன வாரம்தான் தோட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு கொல்லையைப் பட்டாளம் கண்டுபிடித்திருந்தது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கொடி கொடியாகப் பறங்கி. பயிரிட்டவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். விதை எங்கிருந்து போனது என்று மேலதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கான்ஸ்டபிள் பொட்டலத்தைப் பிரித்தான். சிரிப்பு போய்விட்டது. கார்ப்பரலைக் கூப்பிட்டான்.

யாருக்கு இது என்று கார்ப்பரல் கேட்டார். சிவசாமிக்கு ‘சுப்பம்மா’ என்று சொல்ல வேண்டும். அந்த ‘சு’ வரவில்லை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டும் பதில் வராததால் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அல்போன்ஸை டவுன் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது அவருக்குப் பெரிய கவலை இல்லை. தான் போய் விளக்கம் சொன்னால் சிவசாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கமலவேணியிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

விசாரித்த அதிகாரி ஹாலம் என்கிற வெள்ளைக்காரர். அதிக வயசில்லை. வெயிலில் சிவந்த முகம், தூக்கமில்லாத கண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார். மலாக்கா டவுனிலிருந்து வரும் தமிழர், கண்ணாடி போட்டவர். மூலையில் தரையில் சிவசாமி. அவன் கன்னம் வீங்கியிருந்தது. டிரஸ்ஸரைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தான், உட்காரச் சொன்னார்கள்.

ஹாலம் பொட்டலக் காகிதத்தை மேஜையில் தள்ளினார். இது உன் எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றார் அல்போன்ஸ். அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன பொருள் என்று உனக்குத் தெரியுமா, போலீஸ்காரனிடம் விளையாடுகிறாயா என்று ஹாலம் கேட்டார். அவர் உதட்டோரம் ஒரு கேலி இருந்தது. பின்னால் நின்ற இன்னொரு வெள்ளைக்காரன் சத்தமாகவே சிரித்தான். அல்போன்ஸுக்குக் காது சிவந்தது. ஆணின் விந்து என்று மட்டும்தான் இவர்கள் அந்தச் சொல்லை அறிந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“அது பிறகு வந்த பொருள், சார்” என்றார். “மூலச் சொல் லத்தீன். எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்கு விதை என்றுதான் அர்த்தம்.”

ஹாலம் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு லத்தீன் தெரியுமா?”

“படித்திருக்கிறேன்.”

“நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எல்லாம் மறந்துவிட்டது” என்றார் ஹாலம். அவர் குரலில் கடுமை கொஞ்சம் இறங்கியிருந்தது. “சொல். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?”

பினாங்கை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு மனுஷன் அவரிடம் லத்தீனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அல்போன்ஸ் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். விதைப்பது என்ற வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது என்றார். மண்ணில் இடுவதற்கென்று எடுத்து வைத்தது எதுவோ அதுதான் செமன். அதிலிருந்து பொருள் விரிந்து பிள்ளை, வாரிசு, குலம், எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இருப்பது என்று வந்தது. நாற்றங்காலுக்கும் அதிலிருந்தே பெயர். சாமியார் படிப்புப் படிக்கிற மடத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற செமினரி என்ற பெயரும் அதே நாற்றங்கால்தான், நானே அப்படி ஒரு நாற்றங்காலில் இருந்தவன் என்று சொல்லிச் சிரித்தார். ஹாலமும் லேசாகச் சிரித்தார். எழுதிக்கொண்டே இருந்தார். கணேசமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அல்போன்ஸையே பார்த்து, தலையை மிக லேசாக ஆட்டினார். அல்போன்ஸ் அதைக் கவனிக்கவில்லை.

“அப்படியானால் இது சாப்பிடுகிற கொட்டை இல்லை” என்றார் ஹாலம். “முளைப்பதற்கான விதை. அதுதானே நீ எழுதியதன் சரியான பொருள்?”

“சரியான பொருள் அதுதான், சார். ஆனால் நான் கொடுத்தது பூச்சி மருந்தாக.”

“கேட்டதற்கு மட்டும் பதில். எழுதியதன் பொருள் அதுதானே?”

“ஆமாம்.”

ஹாலம் அதை எழுதி, அல்போன்ஸைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பூச்சி மருந்து என்பதையும் சேர்க்கும்படி அல்போன்ஸ் கேட்டார். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஹாலம். அல்போன்ஸ் கையெழுத்துப் போட்டார். சிவசாமியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டதற்கு, ஹாலம் காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடினார்.

வெளியே பஸ்ஸுக்காக நின்றபோது கணேசமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றார். சிகரெட் பற்றவைத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஏன் சார் அவ்வளவு சொன்னீங்க? மருந்துன்னு ஒரு வார்த்தை போதுமே. அதுக்கு மேல உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“அவர் கேட்டாரே.”

“கேட்டாரு. அந்தாளு ராத்திரி முழுக்க அடிச்சுக் கேட்டும் சிவசாமி வாயிலேர்ந்து ஒரு சொல் வரல. அந்தாளுக்கு வேண்டியிருந்தது விதைங்கிற ஒரு சொல்லு. அத நீங்க குடுத்துட்டீங்க.”

பஸ் வந்தது. அல்போன்ஸ் ஏறவில்லை. திரும்ப ஸ்டேஷனுக்குள் போய், ஹாலமைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த பஸ் வரும்வரை மரத்தடியில் நின்றார். தோட்டத்துக் கேட்டில் கமலவேணி பெண் பிள்ளையோடு நின்றிருந்தாள். அவர் தனியாக இறங்குவதைப் பார்த்தாள். விசாரணை இன்னும் முடியவில்லை, ஓரிரு நாளில் விட்டுவிடுவார்கள் என்று அவர்தான் தானாகச் சொன்னார்.

விடவில்லை. கோர்ட்டு விசாரணை இல்லாமலே தடுத்து வைக்கும் உத்தரவு வந்து, சிவசாமியை வேறு மாநிலத்தில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அல்போன்ஸ் துரையைப் போய்ப் பார்த்தார். துரை நல்லவர்தான், ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டில் வாங்கிக் கொடுத்தவர். அவர் கதவைச் சாத்திவிட்டு விளக்கமாகச் சொன்னார். விதை கொடுத்தவன் நீ. உன்னையும் பிடிக்கத்தான் இருந்தார்கள். எனக்கு வேறு டிரஸ்ஸர் கிடைக்கமாட்டான் என்று நான் சொல்லி உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பால்வெட்டுக்கு ஆள் கிடைக்கும். இனி நீ வாயைத் திறந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வளவுதான்.

வீட்டில் சிசிலியாவும் அதையே வேறு மாதிரி சொன்னாள். “நமக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. அந்தப் பொண்ணு பாவந்தான். நான் ஜெபம் பண்றேன். நீங்க பேசாம இருங்க.”

அல்போன்ஸ் பேசாமல் இருந்தார். சில வாரங்கள் அப்படிப் போயின. கமலவேணி தினமும் வேலைக்குப் போகும்போது ஆஸ்பத்திரி வழியாகப் போவாள். படியில் நின்று, ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பார். சரி ஐயா என்று போய்விடுவாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுக்கு விவரம் தெரியாது. தன் புருஷனுக்காகப் பேசப் போனவர் என்றே அவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அவராலேயே தாங்க முடியவில்லை. சுப்பம்மாவின் மகனுக்கு வேறு மருந்து எடுத்துக்கொண்டு பெம்பானுக்குப் போனார். பையன் நடமாடிக்கொண்டிருந்தான். மூலையிலிருக்கும் சீனன் கடையில் குவாச்சி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், அதனாலோ என்னவோ கொஞ்சம் பரவாயில்லை என்றாள் சுப்பம்மா. குவாச்சி என்றால் சீனர்கள் கொறிக்கிற பறங்கி விதை. கடையில் தகர டின்னில் கொட்டி வைத்து யார் கேட்டாலும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். அல்போன்ஸ் ஒரு பொட்டலம் வாங்கினார். அப்படியே பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், அன்றைக்கு உள்ளே விடுகிற வரையில் காத்திருந்து, ஹாலமின் மேஜை மேல் அதை வைத்தார்.

“இதைக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், சார். சிவசாமி கொண்டுபோனதும் இதேதான்.”

ஹாலம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “இது வறுத்தது” என்றார். பிறகு எழுந்து, “வா” என்று ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்று இருந்தது. அதில் பறங்கிக் கொடி பச்சைப் பசேலென்று சுவரில் ஏறி, ஒரு மஞ்சள் பூவும் விட்டிருந்தது.

“அந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்டது. ஒன்றுகூட வீணாகவில்லை” என்றார் ஹாலம். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார். “போன மாதம் என் ஆள் ஒருவனை அந்தக் காட்டில் இழந்தேன். அந்தக் கொல்லையில் விளைந்ததைத் தின்றவர்கள் சுட்டார்கள். உன் ஆள் நல்லவனாகவே இருக்கலாம். எனக்கு அது போதாது.”

அல்போன்ஸ் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முகாமில் ஒரு கமிட்டி மேல்முறையீடு கேட்கும் என்று கணேசமூர்த்தி சொல்லி, மனுவும் எழுதிக் கொடுத்தார். சிசிலியா அழுதும் கேளாமல் அல்போன்ஸ் சாட்சி சொல்லப் போனார். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். அல்போன்ஸ் ஜப்பான்காரன் காலத்திலிருந்து தொடங்கி, விதை எப்படிப் பூச்சி மருந்தாகிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அல்போன்ஸ் முன்பு கையெழுத்துப் போட்டிருந்ததை எடுத்துப் படித்தார். முளைப்பதற்கான விதை.

“அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?”

“இரண்டும் உண்மை, ஐயா. அன்று நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன்.”

“இங்கே யாரும் சொல்லை விசாரிக்கவில்லை” என்றார் அவர்.

பிறகு சிவசாமியை உள்ளே கூட்டிவந்தார்கள். பாதி ஆளாக இளைத்திருந்தான். சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். அவன் மெதுவாக, திக்காமல், “ஆர்டன் தோட்டம்” என்றான். பிறந்த அத்தாட்சி இருக்கிறதா? சண்டையில் எரிந்துவிட்டது என்றான். மலாக்கா பிரிட்டிஷ் மண் என்பதால், அங்கே பிறந்தவன் என்று காட்டிவிட்டால் நாடு கடத்த முடியாது என்று கணேசமூர்த்தி முன்பே சொல்லியிருந்தார். தோட்டத்து மருத்துவச்சி குஞ்சம்மாவையும் அல்போன்ஸ் கேட்டுப் பார்த்திருந்தார். அவளுக்குச் சிவசாமி பிறந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் தோட்டம் மாநில எல்லையில் இருந்ததால், அவன் அம்மா அப்போது ஜொகூர் பக்கத்து லயத்திலா, மலாக்கா பக்கத்து லயத்திலா என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. சத்தியம் பண்ணிப் பொய் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார்கள். திருச்சி பக்கம் என்று சொல்வார், ஊர்ப் பேர் தெரியாது என்றான் சிவசாமி. மூன்று பேரில் ஒருவர் திருச்சி என்று எழுதிக்கொண்டார்.

வெளியே கொண்டுபோகும்போது அவன் அல்போன்ஸ் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான். எதையோ சொல்ல வாயெடுத்தான். உதடு துடித்தது. காவலாளி தோளில் கை வைத்தான். சிவசாமி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். மன்னிப்பா, கோபமா, வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதியா, எது என்று அல்போன்ஸுக்குத் தெரியவே இல்லை.

நாடு கடத்தும் உத்தரவு வந்தபோது அல்போன்ஸ்தான் அதை லயத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னார். பெண்சாதி பிள்ளைகள் விரும்பினால் கூடப் போகலாம் என்று அதில் இருந்தது. கமலவேணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

“ஐயா, நீங்க படிச்சவங்க. அந்தத் திருச்சி பக்கம்ங்கிறது எங்க இருக்கு? கப்பலவிட்டு எறங்கினா யாரப் போய்ப் பார்க்கிறது?”

அவரும் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. அவள் கீரையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஸ்டேஷனில் தான் என்ன பேசினார், எதற்குக் கையெழுத்துப் போட்டார், அந்தச் சொல் என்ன, எல்லாம். முடிந்ததும், “அந்த வார்த்தையத் தமிழ்லயே எழுதியிருந்தா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் அல்போன்ஸ். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் அவள் போவதென்றே முடிவு செய்தாள். சட்டி பானைகளை லயத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். மூட்டை கட்டிக்கொண்டு, பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சொல்லியிருந்த தேதிக்கு முகாமுக்குப் போனாள். அல்போன்ஸும் கூடப் போனார். வாசலில் இருந்த காவலாளி பெயரைப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டம் முன்னாலேயே போய்விட்டது, கப்பல் சீக்கிரம் கிளம்பியதால் அனுப்பிவிட்டோம் என்றான். அடுத்த கப்பலுக்கு எழுதிப் போடச் சொன்னான். கமலவேணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பெண் பிள்ளை அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நல்ல வெயில். அல்போன்ஸ் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தாள்.

எழுதிப் போட்டார்கள். பதில் வருவதற்குள் அவளுக்குப் பேறுகாலம் வந்துவிட்டது. புருஷனில்லாதவளுக்குத் தோட்டத்தில் வீடு இல்லை என்று சொல்லிவிட்டதால் பெம்பானில் சுப்பம்மா வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அதன் பிறகு வந்த பதிலில், அவள் புருஷன் இறங்கிய துறைமுகத்தில் விலாசம் எதுவும் கொடுக்கவில்லை, எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை என்று இருந்தது. சிவசாமிக்கு எழுதத் தெரியாது. யாரையாவது எழுதச் சொல்ல அவனால் வாய்விட்டுக் கேட்க முடிந்ததோ இல்லையோ. நாகப்பட்டினம் போய் வந்த ஒருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு திக்குவாய்க்காரனைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அவன் ஆர்டன் தோட்டம் என்று சொல்லிச் சொல்லி ஊர் ஊராக வழி கேட்கிறான் என்றார். இரண்டுமே கேள்விப்பட்டது. கண்ணால் பார்த்தவர் என்று யாரும் இல்லை.

அல்போன்ஸ் பால்டின் வாங்கிக்கொண்டு பெம்பானுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சுப்பம்மா அவரை வீட்டுக்குள் விடமாட்டாள். கமலவேணி வெளியே வந்து டின்னை வாங்கிக்கொள்வாள். பிள்ளைகளுக்கு உடம்பு எப்படி என்று கேட்பார், பரவாயில்லை என்பாள். வேறு பேச்சு இருக்காது. சாலை போடுகிற இடத்தில் கல் சுமந்தாள். கைகள் காய்த்துப்போயின.

ஐம்பத்தைந்தில் ஒருநாள் அவள் தானாகவே அவரைத் தேடிக்கொண்டு தோட்டத்து ரோடு வரைக்கும் வந்தாள். கேட்டுக்குள் வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். ரோட்டோரம் ஒரு மரம் ஏற்றுகிற லாரி நின்றது. லாரியில் நடுத்தர வயசு ஆள் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி இருந்தார்.

சிகாமட்டுக்குப் போவதாகச் சொன்னாள். லாரியில் இருக்கிறவர் பெயர் மணியம். அங்கே அவருக்கு ஏற்கனவே ஒரு பெண்சாதி இருக்கிறாள், நோயாளி. அவளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காள்தான் பேசி முடித்தாள். அக்காளையும் குறை சொல்ல முடியாது, அவளும் புருஷனைச் சமாளித்துக்கொண்டு எத்தனை நாள் மூன்று வயிற்றுக்குச் சோறு போட முடியும். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

அல்போன்ஸ் கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டார். “சிவசாமி வந்துட்டா?”

“வரமாட்டாரு ஐயா. அப்படி வந்தா, இங்கதான் வருவாரு. அவருக்கு வேற எந்த எடமும் தெரியாது. வந்தா நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க. சிகாமட்டுன்னு சொல்லாதீங்க. தேடிக்கிட்டு வந்து அங்க நிக்கிறத என்னால பார்க்க முடியாது.”

“அப்படி எப்படிச் சொல்றது, கமலவேணி.”

“உங்களுக்குச் சொல்லத் தெரியும்” என்றாள்.

அதைக் குத்தலாகச் சொன்னாளா, நம்பிக்கையாகச் சொன்னாளா என்று பல வருஷம் கழித்தும் அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அவள் ஆண் பிள்ளையைத் தூக்கி லாரியில் உட்காரவைத்தாள். பெண் பிள்ளை தானாகவே ஏறிக்கொண்டது. மணியம் இறங்கி வந்து மூட்டையை வாங்கிப் பின்னால் போட்டார், அல்போன்ஸுக்கு ஒரு வணக்கம் வைத்தார், ஏறினார். போலீஸ் காவலோடு போகிற வண்டிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து போக வேண்டும் என்பதால் லாரி அவசரமாகக் கிளம்பியது.

அல்போன்ஸ் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். படியில் காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் ஆளை உள்ளே வரச் சொன்னார்.